இருவர் படுக்கும் கட்டில்: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

4 அக்டோபர் 2025, சனி

சம்பள வாரம், தீபாவளியும் நெருங்குகிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் கடைக்கு மெத்தை பார்க்க இருவராக வருபவர்களில் ஒருவர் படுத்துப் பார்க்க, மற்றவர் விலை கேட்டுக்கொண்டு நிற்கிறார். அது போதாது. வீட்டில் யார் எந்தப் பக்கமோ அதே பக்கம் இருவரும் சேர்ந்து 10 நிமிடமாவது படுக்க வேண்டும்.

மல்லாந்து படுப்பவர் இடுப்பு வளைவுக்கு அடியில் கையை நுழைக்கட்டும். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை அவருக்குக் கடினம். நுழையவே மறுத்தால் மிகவும் மெது. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் சற்று அமிழ்ந்து, முதுகுத்தண்டு நேராக நிற்க வேண்டும். 90 கிலோ உள்ளவருக்கு இதமாக இருக்கும் மெத்தை 50 கிலோ உள்ளவருக்குப் பலகையாகத் தெரியும். அதனால் ஒருவர் சொல்லை வைத்து வாங்கவே கூடாது.

7 அக்டோபர், செவ்வாய்

ஒருவர் விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது) கிளம்புவார், மற்றவர் செம்பனை ஆலையில் இரவு வேலை முடித்து வருவார். இப்படிப்பட்ட வீட்டுக்கு பொன்னெல் ஸ்பிரிங் சரிவராது. சுருள்கள் கம்பியால் பிணைந்திருப்பதால் ஒருவர் எழுந்தால் மற்றவரும் ஆடுவார். பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொரு சுருளும் தனித் துணிப்பைக்குள் இருக்கும். அசைவு அந்த இடத்தோடு பெரும்பாலும் அடங்கிவிடும். பால்மரத்து (ரப்பர் மரம்) பாலில் செய்த லேடெக்ஸும் அசைவை நன்றாகவே அடக்கும், ஆனால் கனம் அதிகம். தூக்கித் திருப்ப இரண்டு பேர் வேண்டும். ஏர்கோன் இல்லாத அறையில் மெமரி ஃபோம் (உடல் சூட்டில் இளகும் நுரை) வேண்டாம், உடல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

11 அக்டோபர், சனி

புது மெத்தை சில மாதத்திலேயே குழிந்துவிட்டது என்ற புகார் வந்தால் முதலில் கட்டிலைப் பாருங்கள். மெத்தையை எடுத்துவிட்டு, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நடுவில் நூலுக்கும் சட்டத்துக்கும் அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் தொய்ந்தது கட்டில்தான்.

இருவர் படுக்கும் குவீன் அளவிலிருந்தே நடுவில் நீளவாக்கில் ஓர் உத்திரம் வேண்டும், அதற்குத் தரையைத் தொடும் கால் வேண்டும். தொடுகிறதா என்று அறிய அந்தக் காலடியில் ஒரு தாளைச் செருகுங்கள். தாள் சுலபமாக நுழைந்தால் கால் பாரத்தைத் தாங்கவில்லை. திருகு காலென்றால் இறக்குங்கள், இல்லையென்றால் பிளைவுட் துண்டை அடியில் வையுங்கள். குறுக்குச் சட்டங்களுக்கு இடையே 3 அங்குலத்துக்கு மேல் கூடாது, லேடெக்ஸுக்கு 2 போதும். துளையில்லாத முழுப் பலகை நம் ஈரப்பதத்தில் மெத்தையின் அடிப்பக்கத்தைப் பூஞ்சணமாக்கும்.

பால்மரக் கட்டில் நல்லதுதான், மருந்தேற்றிய மரமா என்று கேட்டு வாங்குங்கள். காலடியில் மாவுபோல் தூள் கொட்டினால் வண்டு துளைக்கிறது.

14 அக்டோபர், செவ்வாய்

ஒருவருக்குக் கடினம், மற்றவருக்கு மெது என்றால் நடுத்தரமாக ஒன்றை வாங்கி இருவரும் சிரமப்படுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. இங்கே கிங் மெத்தை 72க்கு 75 அங்குலம், சிங்கிள் 36க்கு 75. இரண்டு சிங்கிள் மெத்தைகள் ஒரு கிங் கட்டிலில் கச்சிதமாக உட்காரும். அவரவருக்கு ஏற்ற மெத்தை, அசைவும் கடக்காது. இரண்டின் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும், அரை அங்குல வித்தியாசமும் உறுத்தும். சுற்றிலும் பட்டைவார் கட்டி, மேலே 2 அங்குலத்தில் கிங் அளவு டாப்பர் (மெல்லிய மேல்மெத்தை) விரித்தால் நடுப்பிளவு தெரியாது. குறுகிய படிக்கட்டு வீடுகளுக்கு இது இன்னும் வசதி. ஸ்பிரிங் மெத்தையை மடித்து ஏற்றினால் ஓரக் கம்பி வளைந்துவிடும், பிறகு நிமிராது.