கொழும்புக் கண்டெய்னர்

சென்னை தம்புச் செட்டித் தெருவில், சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் டாக்குமென்ட் பார்ப்பது என் வேலை. ஒரு நாடு நொடித்துப் போவதைப் பேப்பரில் வருவதற்கு முன்பே எல்.சி.யில், அதாவது வாங்குபவருக்காக அவர் வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதத்தில், பார்த்துவிடலாம். 2022 தொடக்கத்தில் கொழும்புச் சரக்குக்குப் பணம் வருவது இழுத்துக்கொண்டே போனது. ஒரு பார்ட்டியின் மிளகாய் வற்றல் அங்கே போய் இறங்கியும் வாங்கியவரால் வெளியே எடுக்க முடியவில்லை. அவரிடம் இலங்கை ரூபாய் இருந்தது. வங்கியில் டாலர் இல்லை. கண்டெய்னரைத் திருப்பித் தராமல் வைத்திருப்பதற்கான டிடென்ஷன் கட்டணம் மட்டும் தினமும் ஏறியது, அதுவும் டாலர் கணக்கில்.

ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அரசே கைவிரித்தது. மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 சொச்சமாக இருந்த அவர்கள் ரூபாய், மே மாதத்தில் 360 பக்கம் போய் நின்றது. மே 18இல் தமிழ்நாடு அரசு 9,000 டன் அரிசியும் 200 டன் பால்பவுடரும் மருந்தும் அனுப்பிய கப்பல் கிளம்பியது எங்கள் சென்னைத் துறைமுகத்திலிருந்துதான். ஆபீஸில் ஒருவன் "இவங்களுக்கு ஏன் இந்த நிலைமை?" என்று இளக்காரமாகக் கேட்டான். "91ல நாமளே தங்கத்தை அடகு வெச்சுத்தான்டா தப்பிச்சோம்" என்றார் எங்கள் அக்கவுண்டன்ட் சார். அவன் அப்புறம் வாயே திறக்கவில்லை.

இலங்கையின் ஆட்சியாளர்கள் யோக்கியர்கள் என்று சொல்லவரவில்லை. 2019இல் வரியைக் கண்டபடி குறைத்ததும், 2021இல் ரசாயன உரத்தைத் திடீரென்று தடுத்ததும் அவர்களேதான். ஆனால் அங்கே ஏழை பணக்காரன் எல்லோருக்கும் 1931லேயே ஓட்டு வந்துவிட்டது, நமக்கு முன்னால். கடன் கொடுக்கும் ஐ.எம்.எஃபில், அதாவது சர்வதேச நாணய நிதியத்தில், அந்தக் கணக்கு செல்லாது. போட்ட பணத்துக்குத் தக்கபடிதான் அங்கே ஓட்டு. அமெரிக்காவுக்கு மட்டும் 16 சதவீதத்துக்கு மேல். பெரிய முடிவுகளுக்கு 85 சதவீதம் வேண்டும் என்பதால் அந்த ஒரு நாடு தலையாட்டாமல் அவற்றில் எதுவும் நகராது. இலங்கையின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. தலைவர் பதவியும் இதுவரை ஐரோப்பியர் கையை விட்டுப் போனதில்லை.

2022 ஜூலையில் ஜனங்கள் அதிபர் மாளிகைக்குள்ளேயே புகுந்தார்கள். அதிபர் நாட்டை விட்டே ஓடினார். 2023 மார்ச்சில் ஐ.எம்.எஃபுடன் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்பந்தமானது. வரியும் மின்கட்டணமும் ஏறின. 2024 செப்டம்பரில் அதிபர் தேர்தலில் ஜெயித்த அநுர குமார திசாநாயக்க, ஒப்பந்தத்தை மறுபடி பேசுவேன் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார். வந்தபின் பெரும்பாலும் அதன்படியே போகிறார். வேறு வழி இருந்ததாக எனக்கும் தோன்றவில்லை. எங்கள் வற்றல் பார்ட்டியும் இப்போது அட்வான்ஸ் வந்தால்தான் கொழும்புக்கு ஷிப்பிங் பில் (கஸ்டம்ஸில் தரும் ஏற்றுமதிப் பத்திரம்) போடச் சொல்கிறார்.