வண்டல்தான்

"பின்பக்கத்தில் ஏதாவது தென்பட்டதா?"

"ஒன்றுமில்லை. வண்டல்தான்."

நடந்த பேச்சு இவ்வளவுதான். கேட்டவர், மூழ்கிய கப்பல்களை இறங்கிப் பார்த்துப் பதிவு செய்யும் எங்கள் ஆய்வுக் குழுவின் தலைவி. நான் அப்போதுதான் டிரைசூட்டை, அதாவது தண்ணீர் புகாத டைவிங் உடையை, கழற்றிவிட்டு, படகின் சாப்பாட்டு மேசையில் சூப் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரல்களுக்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை. அவர் நோட்டில் ஏதோ எழுதிவிட்டு அடுத்தவரிடம் திரும்பினார்.

நான்கு வருடம் ஆகிறது. இதைவிடப் பெரிய தப்புகளை ஆய்வறிக்கைகளில் செய்திருக்கிறேன். ஒருமுறை வடக்கையும் தெற்கையும் மாற்றிப் போட்டு வரைபடம் கொடுத்தேன், சிரித்துவிட்டுத் திருத்தினார்கள். அதெல்லாம் மறந்துபோனது. இந்த 'வண்டல்தான்' மட்டும் செருப்புக்குள் புகுந்த பொடிக்கல் மாதிரி நடக்க நடக்க உறுத்துகிறது.

வண்டல் இருந்தது உண்மை. வண்டலின் மேல் ஒரு விளக்கும் இருந்தது.

1919இல் மூழ்கிய ஜெர்மன் போர்க்கப்பலான கோல்ன், ஸ்காட்லாந்தின் வடக்கே ஸ்காப்பா ஃப்ளோ கடற்பகுதியில், வலப்பக்கமாகச் சாய்ந்து, சுமார் 35 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. சாய்ந்த கப்பலை ஆய்வு செய்தவர்களுக்குத் தெரியும், முதல் சில டைவ்களில் மூளை எதையும் ஒத்துக்கொள்ளாது. சுவர்தான் இப்போது தரை. மேல்தளம் செங்குத்தாக நிற்கும். கதவுகள் கிணற்று மூடி போலப் படுத்திருக்கும். பின்பக்கம், எஞ்சின் அறைப் பகுதியில், பிற்பாடு உலோகம் எடுக்க வந்தவர்கள் வெடி வைத்துப் பிளந்த பெரிய பள்ளம் இருக்கிறது. அன்றைக்கு அது சட்டப்படி நடந்த வியாபாரம். இன்றைக்கு அதே இடத்தில் ஒரு ஆணியை எடுத்தாலும் குற்றம். 2001இல் இருந்து இங்கே மிச்சமிருக்கும் ஏழு ஜெர்மன் கப்பல்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. யாரும் இறங்கிப் பார்க்கலாம், எதையும் எடுக்கக் கூடாது.

அந்தப் பள்ளத்தைத் தாண்டி ஒரு தகடு தாழ்வாரம் போலத் துருத்திக்கொண்டிருந்தது. அடியில் டார்ச் அடித்தேன். சுவரில் பொருத்துவார்களே, கம்பிக்கூடு போட்ட பித்தளை விளக்கு, அது. என் கைக்குள் அடங்காது, இரண்டு கை வேண்டியிருக்கும். கூட்டின் இரண்டு கம்பிகள் அரித்துப்போயிருந்தன. கண்ணாடி முழுசாக இருந்தது. அதற்குள் பாதி வரைக்கும் வண்டல் நிறைந்து, தட்டில் ஊற்றிய கூழ் மாதிரி சமமாக அடங்கியிருந்தது. கண்ணாடியின் மேல் விளிம்பில் ஒரு வெள்ளைக் கடல் சாமந்தி, விரல் நுனி அளவுக்கு. கப்பல் சாய்ந்தபோது மாட்டியிருந்த இடத்திலிருந்து கழன்று விழுந்திருக்க வேண்டும். வெடி வைத்தபோது அதிர்ந்திருக்க வேண்டும். அப்படியும் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு விநாடி. உடன் இறங்கியவர் அளவுகோல் சட்டங்களை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டிருந்தார். நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்டிருந்தால், அன்று என்னிடம் பதில் தயாராக இருந்தது. அந்த வாரம் படகு முழுக்க எங்களுடையது இல்லை. மிச்சப் படுக்கைகளைப் படகின் கேப்டன் பொழுதுபோக்கு டைவர்களுக்குக் கொடுத்திருந்தார். பக்கத்துத் துறைமுக ஊரான ஸ்ட்ரோம்னெஸ் படகுகளில் அப்படி நடப்பதுதான். அவர்களில் இரண்டு பேர் அதே மேசையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் காலையில் என்னிடம், பித்தளை உப்புத் தண்ணீரில் எத்தனை காலம் தாங்கும் என்று கேட்டிருந்தார். அவர் காதில் விழுகிற மாதிரி, "இந்த இடத்தில், இந்தத் தகடுக்குக் கீழே, உடையாத விளக்கு ஒன்று இருக்கிறது" என்று நான் அறிவிக்க வேண்டுமா?

பயத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2012இல் மார்க்கிராஃப் என்ற போர்க்கப்பலில் இருந்து பொருள்களை எடுத்த இரண்டு பேருக்குப் பின்னர் நீதிமன்றம் தலா 18,000 பவுண்ட் அபராதம் போட்டது. அகப்பட்டவர்கள் இரண்டு பேர். அகப்படாதவர்கள் எத்தனை பேரோ. கீழே கிடப்பது எவ்வளவுக்குப் போகும் என்று கணக்குப் போடுகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். கப்பல்களே விலைக்குப் போயிருக்கின்றன: 2019இல் மூன்று போர்க்கப்பல்கள் இணைய ஏலக் கடையில் ஒவ்வொன்றும் 25,500 பவுண்டுக்கு விற்றன. வாங்கியவருக்கும் அதைத் தொட உரிமை கிடையாது, அது வேறு கதை.

சரி, மேசையில் சொல்ல முடியவில்லை. அன்று இரவு? பேட்டரிகளை சார்ஜில் போட்டுவிட்டு அவரும் நானும் மட்டும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவருடைய நாய்க்கு இடுப்பு வலி வந்த கதையைச் சொன்னார், கேட்டேன். விளக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. மறுநாள் வீடியோவுக்குக் குறிப்பு எழுதினேன். எங்கள் வேலையில் அதுதான் முக்கியம்: எந்த நிமிடம், எந்த இடம், என்ன பொருள். மூன்று மணி நேர வீடியோவை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை, குறிப்பைத்தான் படிப்பார்கள். அந்தப் பன்னிரண்டு விநாடிக்கு எதிரே "வண்டல், சிறு சிதறல்கள்" என்று எழுதினேன்.

எதையும் அழிக்கவில்லை. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். படம் ஆவணக் கோப்பில் அப்படியே இருக்கிறது, தேடினால் கிடைக்கும். தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாதபடி எழுதிவைத்ததும் நான்தான்.

இந்த வேலைக்கு வந்த புதிதில், ஜெர்மன் போர்க்கப்பல் என்றதும் வீட்டில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "எம்டனா?" நம் ஆட்களுக்கு ஜெர்மன் கப்பல் என்றால் அது ஒன்றுதான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அந்த எம்டன், நவம்பரில் கோகோஸ் தீவில் தரை தட்டி முடிந்துபோனது. அதன் பெயரிலேயே கட்டிய இரண்டாவது எம்டன், முதல் உலகப் போர் முடிந்ததும் ஸ்காப்பா ஃப்ளோவில் பிரிட்டிஷ் காவலில் சிறை இருந்த 74 ஜெர்மன் கப்பல்களில் ஒன்று. 1919 ஜூன் 21ஆம் தேதி முற்பகலில் அந்தக் கப்பல்களின் தளபதி ரியர் அட்மிரல் ஃபான் ராய்ட்டர் அதிலிருந்துதான் அந்தச் செய்தியைக் கொடுத்தார்: இன்றைய தேதியிட்ட 11ஆம் பத்தி, உறுதி செய்க. வெளியே இருந்து பார்த்தால் சாதாரண அலுவல் செய்தி. உள்ளே ஒவ்வொரு கப்பலிலும் அதற்கு ஒரே அர்த்தம்: கப்பலை நாமே மூழ்கடிக்க வேண்டும். கடல் வால்வுகளைத் திறந்தார்கள், பக்கவாட்டு வட்டச் சன்னல்களைத் திறந்தார்கள், தடுப்புச் சுவர்க் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். காவலுக்கு இருந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அன்று காலைதான் பயிற்சிக்குப் போயிருந்தன. சுற்றுலாப் படகில் வந்திருந்த பள்ளிப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, சாயங்காலத்துக்குள் 52 கப்பல்கள் போய்விட்டன. கோல்ன் மதியம் 1:50க்கு. ஒன்பது ஜெர்மானியர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். செய்தி கொடுத்த எம்டன் மூழ்கவில்லை, பிரிட்டிஷார் இழுத்துத் தரை தட்ட வைத்துவிட்டார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த வருடம் குளிர்காலத்தில் இதை வைத்து எனக்கு ஒரு சமாதானம் கட்டிக்கொண்டேன். எதிரி கையில் போகக் கூடாது என்று ஒருத்தன் கப்பலையே தண்ணீருக்குள் ஒளித்தான். நான் ஒரு விளக்கை ஒரு சொல்லுக்குள் ஒளித்தேன். கேட்க நன்றாக இருக்கிறது. அதனாலேயே எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ராய்ட்டர் கைதாகிப் பதில் சொன்னார். நான் சூப்பைக் குடித்து முடித்தேன்.

அடுத்த வருடம் அதே இடத்தில் மறு ஆய்வு. படங்களைக் கோத்து உருவாக்கும் முப்பரிமாண மாதிரியை முந்தைய வருடத்தினுடையதோடு ஒப்பிட்டு, கப்பல் எங்கே எவ்வளவு இற்றுப்போகிறது என்று பார்க்கும் வேலை. நான் கேட்டு வாங்கிக்கொண்டு பின்பக்கத்துக்குப் போனேன். தாழ்வாரம் போல நின்ற தகடு ஒரு முனையில் இறங்கிவிட்டிருந்தது. அதில் ஆச்சரியம் இல்லை. நூறு வருடத் துரு, ஒரு குளிர்காலப் புயல் போதும். தகடுக்கும் வண்டலுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி. டார்ச் அடித்தேன். விளக்கு தெரியவில்லை. இடைவெளிக்கு முன்னால் வண்டலில் கிண்ணம் அளவுக்கு ஒரு குழி. நண்டு தோண்டியிருக்கலாம். யாரோ முழங்கையை ஊன்றியிருக்கலாம். விளக்கு தகடுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கலாம், யாருடைய வீட்டு அலமாரியிலாவது மெருகேற்றி நிற்கலாம்.

கையை விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எதையும் கலைக்கக் கூடாது என்பது விதி. விதியை அவ்வளவு ஒழுங்காக நான் வேறு எப்போதும் கடைப்பிடித்ததில்லை.

அங்கேயே அதிக நேரம் நிற்கிறேன் என்று பார்த்து, உடன் வந்தவர் நீந்தி வந்து கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினார். தண்ணீருக்கு அடியில் அதுதான் கேள்வி, அதுதான் பதில். நானும் வட்டம் காட்டினேன். இரண்டாவது 'வண்டல்தான்' அது. அப்போது மேசையும் இல்லை, விருந்தாளிகளும் இல்லை, வெண்ணெய் தடவியவரும் இல்லை.

மேலே வந்ததும் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டுமானால், போன வருடப் படத்தை எடுத்துக் காட்ட வேண்டும். காட்டினால், குறிப்பில் ஏன் இல்லை என்ற கேள்வி வரும். திருட்டு நடந்திருந்தால் அந்தப் பன்னிரண்டு விநாடிதான் ஒரே சாட்சி. சாட்சியை மூடிவைத்தவனே போய்த் திருட்டு என்று புகார் கொடுத்தால் முதலில் யாரைச் சந்தேகிப்பார்கள்? நானே என்னைத்தான் சந்தேகித்திருப்பேன்.

இதை எழுத உட்கார்ந்தபோது இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. மேசையையும் விருந்தாளிகளையும் எத்தனையோ தரம் ஓட்டிப் பார்த்தவன், அதற்கு முந்தைய இருபது நிமிடத்தை ஓட்டிப் பார்த்ததே இல்லை. ஏறும்போது மிதவைப் பையை மேலே அனுப்பிவிட்டு, ஆறு மீட்டரில் கயிற்றைப் பிடித்தபடி தொங்கிக்கொண்டிருந்தோம். உடம்பிலிருந்து நைட்ரஜன் கழியும் வரை வேறு வேலை கிடையாது. பச்சைத் தண்ணீர், கீழே ஒன்றும் தெரியாது. அப்போது அந்த விளக்கை நினைத்துக்கொண்டு மாஸ்க்குக்குள் சிரித்தேன். 1919இல் யாரோ ஒரு மாலுமி அதன் கீழ் நடந்துபோன பிறகு அதைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான் என்று தோன்றியது. இன்னும் கொஞ்ச நாளைக்கு அப்படியே இருக்கட்டும் என்றும் தோன்றியது. பித்தளை பற்றிக் கேட்டவரின் முகம் அப்போது என் நினைவில் இருந்ததா? இருந்தது என்று சொல்ல ஆசைதான். இருந்ததாக ஞாபகம் இல்லை.

அந்த மனிதர் மீது எனக்கு இப்போது ஒரு கூச்சம். பித்தளை எத்தனை காலம் தாங்கும் என்பது யாரும் கேட்கிற கேள்விதான். நானே என் முதல் டைவில் அதைத்தான் கேட்டேன். என் வசதிக்காக அவரைத் திருடனாக்கி நாலு வருடமாக மனசுக்குள் உட்கார வைத்திருக்கிறேன்.

தலைவி இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டார். எப்போதாவது மின்னஞ்சல் போடுவார். நாயின் இடுப்பு தேவலையாம். பதில் எழுதும்போது ஒவ்வொரு முறையும் இரண்டாவது பத்தியில் ஆரம்பிப்பேன்: "கோல்னில் ஒரு விஷயம்..." அப்புறம் அழித்துவிடுவேன். அவர் என்ன சொல்வார் என்பது ஓரளவுக்குத் தெரியும். நல்லதுதானே செய்தாய், மேசையில் சொல்லாமல் விட்டது சரிதான் என்பார். அந்த மன்னிப்பு விருந்தாளிகள் கதைக்குத்தான் கிடைக்கும், கயிற்றில் தொங்கிக்கொண்டு சிரித்ததற்குக் கிடைக்காது.

போன மாதம் புதிய ஆய்வுப் படிவம் வந்தது. பொருள் ஒவ்வொன்றுக்கும் இப்போது ஒரு கட்டம் கூடுதலாக இருக்கிறது: "முந்தைய பதிவு." கோல்ன் பின்பக்கம், துருத்திய தகடு, இறங்கியது என்று எழுதினேன். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். காபி ஆறிப்போனது. பிறகு ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.