விழுந்து எழுந்த லாரி ஹோம்ஸ்

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் லாரி ஹோம்ஸ் 1979இல் எர்னி ஷேவர்ஸோடு போட்ட சண்டையை வீடியோவில் திரும்பவும் பார்த்தேன். 7வது ரவுண்டில் ஷேவர்ஸின் வலது கை ஒன்று இறங்குகிறது பாருங்கள், ஹோம்ஸ் மல்லாந்து விழுகிறார். அந்த அடி வாங்கியவர் எழுவதே பெரிய விஷயம். இவர் எழுந்தார், மிச்ச ரவுண்டை எப்படியோ தள்ளினார், 11வது ரவுண்டில் ரெஃப்ரி வந்து தடுக்கும்வரை ஷேவர்ஸை வெளுத்தார்.

1981இல் ரெனால்டோ ஸ்னைப்ஸ் சாய்த்தபோதும் இதே கதைதான். எழுந்தவர் கால் பின்னி ரிங் மூலையில் போய் மோதினார். சிரிப்பும் வரும், பயமாகவும் இருக்கும். அதிலும் ஜெயித்தார்.

எந்த அடியையும் தாங்கும் இரும்புத் தாடை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், விழத்தானே செய்தார்? காப்பாற்றியது அந்த இடது கை ஜாப், அதாவது கையை நேராக நீட்டி விடும் வேகமான குத்து. எதிராளி வீசி அடிக்க வேண்டிய தூரத்தை அது கொடுக்கவே கொடுக்காது. 1982இல் ஜெரி கூனியையும் அதை வைத்தே 13வது ரவுண்டில் முடித்தார்.

சரி, மைக் டைசனிடம் நாக் அவுட் ஆனாரே என்கிறீர்களா? அது 1988. ஹோம்ஸுக்கு வயது 38, கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ரிங் பக்கமே வரவில்லை. 4வது ரவுண்டில் மூன்று தடவை விழுந்தார். 75 சண்டைகளில் நாக் அவுட் ஆனது அது ஒன்றில்தான். கடைசி நேரத்தில் அப்பர்கட், அதாவது கீழிருந்து மேலே போகும் குத்து, விடப் போய்க் கை கயிற்றில் மாட்டிக்கொள்ளும். அந்த இடம் வந்தால் இப்போதும் பார்க்காமல் தாண்டி ஓட்டிவிடுவேன்.