அரைக்க அரைக்க ஓடிப்போன நீலம்

எண்ணெய் வண்ணத்தில் பழகிய கை என்னுடையது. நிறமி எவ்வளவு நுண்மையோ அவ்வளவு உயர்த்தி என்ற நினைப்போடுதான் அஸுரைட் கல்லை அரைக்க உட்கார்ந்தேன். செம்புக் கனிமம் இது. இதன் பொடியைத்தான் ஜப்பானிய ஓவியர்கள் குன்ஜோ என்கிறார்கள். வாங்கியது 40 கிராம். முகமூடி கட்டிக்கொண்டு (செம்புத் தூசி உள்ளே போகக் கூடாது) பாதியைக் கல்வத்தில் இட்டு இரண்டு மணி நேரம் அரைத்தேன். மயில் கழுத்தாக மின்னிய கல், பலமுறை துவைத்த பள்ளிச் சீருடைபோல வெளுத்துவிட்டது.

துகள் சிறுத்தால், ஒளி அதற்குள் ஊடுருவி நிறம் பெறுவதற்கு முன்பே சிதறித் திரும்பிவிடுகிறது. ஜப்பானில் ஒரே கல்லின் பொடியை எண் போட்டு விற்பதன் சூட்சுமம் இதுதான். 5ஆம் எண் மணல்போல, அடர்நீலம். 13 மாவுபோல, வெளிர்நீலம். அதற்கும் மெல்லியது ப்யாக்கு, அதாவது வெள்ளை. இது கிழக்கின் ரகசியம் என்று நினைத்தால் அதுவும் தவறு. 1400 வாக்கிலேயே இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி, இந்த நீலத்தை நீர் விட்டு இலேசாக அரைத்தால் போதும் என்று எழுதிவைத்திருக்கிறார். ட்யூபைப் பிதுக்கியே வளர்ந்த எனக்குத்தான் தெரியவில்லை.

மீதிப் பாதியை நொறுக்கியதோடு நிறுத்திக்கொண்டேன். நீரில் கலக்கி, அடியில் முதலில் படிந்ததைத் தனியாக எடுத்து, மேல்நீரை இறுத்து மறுபடி படியவிட்டேன். மூன்று தரம் கிடைத்தது.

அடுத்த சறுக்கல், பொடியைத் தாளில் ஒட்டவைக்கும் நிக்காவா என்னும் விலங்குப் பசையில். இரவு ஊறவைத்ததை அவசரத்தில் கொதிக்கவிட்டேன். பசை பிடிப்பை இழந்தது. காய்ந்த நீலம் விரலோடு வந்துவிட்டது. மறுமுறை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்கினேன். வெள்ளைத் தட்டில் பொடியும் பசையுமாக நடுவிரலால் குழைக்கும்போது முதலில் நறநறவென்றது, பிறகு வழுவழுப்பு வந்தது. படிகாரமும் பசையும் பூசிய வாஷி என்னும் ஜப்பானியத் தாளில் தீட்டினேன். ஈரத்தில் கறுத்துத் தெரிந்தது, காயக் காய விழித்துக்கொண்டது: துகள்களுக்கு இடையே காற்று புகுந்துவிடுகிறது அல்லவா. அதே பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தபோது காற்றுக்கு இடமில்லை. நீலம் மங்கிக் கறுத்தே நின்றது. டோக்கியோ நெஸு அருங்காட்சியகத்தில் உள்ள, ஜப்பானிய ஓவியர் ஓகாதா கோரின் இதே நீலத்தில் தீட்டிய ஐரிஸ் பூத் திரைகளில், தங்கப் பின்னணியில் அந்தப் பூக்கள் ஏன் வெல்வெட்போல நிற்கின்றன என்பது இப்போது விரலுக்கே புரிகிறது.

தட்டில் எஞ்சியதை வீணாக்கவில்லை. வெந்நீர் ஊற்றிப் பசையைக் கழுவினால் பொடி அப்படியே திரும்பக் கிடைக்கிறது.

வெளுத்துப்போன முதல் பொடியை என்ன செய்வது? வறுத்தால் நிறம் கறுக்கும் என்பதால் பழைய இரும்புக் கரண்டியில் ஒரு சிட்டிகை போட்டேன். பச்சை கலந்த சாம்பல் நிறம் வந்தது, அழகாகவே இருந்தது. இன்னும் சற்றுப் பார்க்கலாம் என்று விட்டேன். கரியாகிவிட்டது.