அழுகிய வாழைமட்டையில் கிடைத்த உறங்கும் புழுக்கள்

திருவையாற்றுக் கொல்லையில் தார் வெட்டியபின் சாய்த்துப்போட்ட வாழைமரத்தின் அழுகல் சாற்றிலிருந்து நூற்புழுக்களை எடுத்து, கடற்பாசிக் கூழ் ஊற்றிய தட்டுகளில் மாசி முதல் வளர்த்து வருகிறேன். இனம் பிரித்துச் சொல்லும் திறமை எனக்கில்லை; பாக்டீரியாவைத் தின்பவை என்பது மட்டும் தெரிகிறது.

பன்னிரண்டாம் நாள் இரை தீர்ந்து தட்டு நெரிசலானபோது, மெலிந்து கருத்த இளம்புழுக்கள் சில மூடியில் ஏறி, வாலை ஊன்றி நின்று உடலை அசைத்துக்கொண்டிருந்தன. பட்டினியும், நெரிசலை உணர்த்தும் வேதிக்குறிகளும் சேரும்போது வழக்கமான மூன்றாம் பருவத்துக்குப் பதிலாகச் சில நூற்புழுக்கள் மேற்கொள்ளும் ‘டாவர்’ நிலை இப்படித்தான் இருக்கும். வாய் அடைபட்டு மேல்தோல் தடித்த டாவர், சோப்புத்தூள் ஆலைகளில் புழங்கும் எஸ்டிஎஸ் என்ற பொருளின் 1 விழுக்காட்டுக் கரைசலைத் தாங்கும் என்று 1975ஆம் ஆண்டிலேயே கசாடா, ரஸ்ஸல் என்ற ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அரைமணி நேரம் ஊறவைத்துப் பார்த்தேன். பெரிய புழுக்கள் மடிந்தன, மெலிந்தவை நெளிந்தன.

உலர்வையும் இவை தாங்குமா என்று பார்த்ததில்தான் சறுக்கினேன். சித்திரை வெயிலில் வைத்த தட்டு ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. மறுபடி நனைத்தபோது ஒன்றும் எழவில்லை. அடுத்த தட்டை ஈரத்துணியுடன் பிஸ்கட் டப்பாவில் நான்கு நாள் மூடிவைத்து, பிறகு நிழலில் காயவிட்டு, பத்து நாள் கழித்து நனைத்தேன். நாற்பதில் பதினொன்று அசைந்தன. ஆய்வகங்களில் பெரிதும் வளர்க்கப்படும் சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்ற நூற்புழுவின் டாவர், மிகுந்த ஈரப்பதக் காற்றில் சில நாள் இருக்கும்போது ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையைப் பெருக்கிக்கொண்டு, பிறகு கடும் உலர்வைத் தாங்குகிறது என்று 2011இல் காட்டப்பட்டது. என் புழுக்களுக்கும் அந்த அவகாசம்தான் முதல் முறை கிடைக்காமல் போயிருக்க வேண்டும். கோடையில் நம் வயல் பாளம்பாளமாக வெடிப்பதுகூட ஒரே நாளில் நடப்பதில்லையே!

எலிகன்ஸ் புழுவில் டாவராக மாறும் முடிவை இன்சுலின் போன்ற குறிகைகளை உயிரணு பெற்றுக்கொள்ள உதவும் புரதமான ஏற்பியை உண்டாக்கும் டாஃப்-2 மரபணு பெரிதும் பாதிக்கிறது. அதன் செயல் குறைந்தால் டாஃப்-16 புரதம் உட்கருவுக்குள் சென்று, தாங்கும் திறன் தரும் மரபணுக்களை இயக்குகிறது. அதே டாஃப்-2 பிறழ்ந்த, வளர்ந்த புழுக்கள் இரு மடங்குக்கு மேல் வாழ்வதை ஆய்வாளர் சிந்தியா கென்யனின் குழு கண்டது 1993இல். பூச்சிகளுக்குள் நுழையும் ஒட்டுண்ணி நூற்புழுக்களின் இளம்பருவமும் டாவரையே ஒத்திருப்பதால், ஒட்டுண்ணி வாழ்வுக்கு இந்நிலையே படியாக அமைந்தது என்ற கருத்து எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஒரு நெருடல் மிஞ்சியது. உயிர்த்த பதினொன்றில் இரண்டு, முட்டை சுமந்த தடித்த புழுக்கள். அவை டாவர்களாக இருக்க முடியாது. பானக்ரோலைமஸ் என்ற நூற்புழுப் பேரினத்தில் சில, டாவராகாமலே உலர்ந்து மீள்கின்றன. நெல் உமிக்குள் காய்ந்து கிடக்கும் வெண்நுனி நோய்ப் புழுவும் அப்படியே. என் தட்டில் இரண்டு இனங்கள் கலந்திருக்கின்றன போலும். ஆகவே ஒற்றைத் தாய்ப்புழுவிலிருந்து தனித்தனித் தட்டுகளைத் தொடங்கியிருக்கிறேன். ஐந்தில் மூன்று பூஞ்சணம் பூத்துப் போயின.