இந்தியா இல்லாத ஆசியக் கோப்பை: மூன்று ஆட்டம், ஒரு களவா மீன், 80 ரியால் டிரைவர்

ஆசியக் கோப்பைக் கால்பந்து பார்த்துவிட்டு நேற்று ராத்திரிதான் கத்தாரின் தோஹாவிலிருந்து வந்து இறங்கினேன். பையைக்கூடப் பிரிக்கவில்லை, தொண்டை கட்டிக்கிடக்கிறது, வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. விசா, தங்குமிடம், டிக்கெட், போக்குவரத்து என்று வரிசையாக எழுதுகிறேன் என்று போகும்முன் சொல்லியிருந்தேன். முயற்சி பண்ணுகிறேன். ஆனால் முதலில் ஜோர்டானைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

இல்லை, அதற்கும் முன்னால் என் கிறுக்குத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பெயர் 2023 கோப்பை, நடந்தது 2024-ல். சீனா கோவிடைக் காட்டி நடத்த முடியாது என்று ஒதுங்கிவிட, கத்தார் எடுத்துக்கொண்டது, அங்கே வெயிலில் ஆட முடியாது என்பதால் ஜனவரிக்குத் தள்ளிப்போனது. எனக்கு ஆபீஸில் லீவு கிடைத்தது பிப்ரவரி 5 முதல்தான். அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று. திருப்பித் தராத மலிவு விமான டிக்கெட்டைப் போட்டுவிட்டு, இந்தியா கால் இறுதி வரை வந்தாலே போதும், அந்தக் காற்றையாவது சுவாசிக்கலாம் என்று கனவு கண்டேன். ஜனவரி 23-க்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. மூன்று ஆட்டம், ஆறு கோல் வாங்கி, ஒன்றுகூடப் போடவில்லை. 2019-ல் தாய்லாந்தை 4-1 என்று அடித்த அணி இது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆஸ்திரேலியாவை 50-வது நிமிடம் வரை தாங்கிப் பிடித்தோம், சுனில் சேத்ரியின் அந்தத் தலைமுட்டு மட்டும் உள்ளே போயிருந்தால் என்று இன்னும் வயிறு எரிகிறது. "இப்போ யாரைப் பார்க்கடா போறே?" என்று வாட்ஸப் குழுவில் கேட்டுக் கேட்டே கொன்றார்கள். டிக்கெட் காசு போகுமே என்ற ஒரே காரணத்துக்காகக் கிளம்பினேன். உண்மை அதுதான்.

விசா: இந்தியர்களுக்குக் காசு இல்லை, ஆனால் ஹோட்டல் முன்பதிவு காட்ட வேண்டும். நஜ்மா பக்கம் ஒரு சின்ன ஹோட்டல், ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர். இது போதும், மேலே போவோம்.

முதல் அரையிறுதி பிப்ரவரி 6, அஹ்மத் பின் அலி ஸ்டேடியம். மெட்ரோ ஒரு தடவைக்கு 2 ரியால், நாள் முழுக்கச் சுற்ற 6 ரியால். ரியாலை 23-ஆல் பெருக்கிப் பெருக்கி மூளை சூடாகியிருந்த எனக்கு இந்த ஊரில் பிடித்த முதல் விஷயம் இந்த மெட்ரோதான். சிவப்பு லைனில் ஏறி, முஷைரிபில் பச்சைக்கு மாறி, அல் ரிஃபாவில் இறங்கினால் ஸ்டேடியம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. பாலைவன ஊரில் என்ன குளிர் என்று ஸ்வெட்டர் எடுக்காமல் போனதற்கு முதல் நாளே தண்டனை கிடைத்தது. ராத்திரிக் காற்று எலும்பைத் தொடுகிறது. சூக் வாகிஃப் சந்தையில் 25 ரியாலுக்கு ஒரு சிவப்புக் கட்டம் போட்ட துண்டு வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன். அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் இருந்த ஜோர்டான்காரர் என்னை அவர்கள் ஆள் என்றே முடிவு கட்டி, தலையில் முறையாகக் கட்டியும் விட்டார். நான் மறுக்கவில்லை, காது கதகதப்பாக இருந்தது.

எதிரே தென் கொரியா. சன் ஹியுங்-மின், லீ காங்-இன், ஹ்வாங் ஹீ-சான் என்று அப்போது ஐரோப்பாவில் ஆடிக்கொண்டிருந்தவர்களின் பட்டியல். ஜோர்டான் அப்போது உலகத் தரவரிசையில் 87-வது இடம், லீக் சுற்றில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்து தட்டுத்தடுமாறி உள்ளே நுழைந்த அணி. அடுத்த சுற்றில் ஈராக்கை எப்படி ஜெயித்தார்கள் என்று பக்கத்து ஆள் நடித்தே காட்டினார். ஜோர்டான் முதல் கோல் போட்டதும் வீரர்கள் தரையில் உட்கார்ந்து அவர்கள் ஊர் ஆட்டுக்கறிச் சோறான மன்சஃபைச் சாப்பிடுகிற மாதிரி பாவனை காட்டினார்களாம். ஈராக்கின் அய்மன் ஹுசைன் 2-1 என்று முன்னிலைக்குக் கொண்டுபோன கோலைப் போட்டுவிட்டு அதே மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட, நடுவர் இரண்டாவது மஞ்சள் அட்டையைக் காட்டி வெளியே அனுப்பிவிட்டார். அப்புறம் பத்துப் பேரோடு நின்ற ஈராக்கின் வலைக்குள் 90 நிமிடம் தாண்டிச் சேர்த்துக் கொடுத்த நேரத்தில் இரண்டு கோல், 3-2. ஆறு கோல் போட்ட ஆள், ஜப்பானையே இரண்டு கோலால் தனியாகச் சாய்த்த ஆள், சாப்பிட்டதற்காகத் தொடரை விட்டுப் போனார். அந்த நடுவர் கொஞ்சம் கண்ணை மூடியிருக்கலாம் என்பது என் கட்சி.

சரி, அன்றைய ஆட்டம். கொரியா கோலை நோக்கி நேராக ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை. ஒன்றுகூட. முதல் பாதியில் லீ ஜே-சங் தலையால் முட்டியது கம்பத்தில் பட்டதோடு சரி. தடுப்பு வரிசையில் கிம் மின்-ஜே மஞ்சள் அட்டைகளால் வந்த தடையால் இல்லை, அந்த ஓட்டையில் ஜோர்டான் லாரியையே ஓட்டியது. 53-வது நிமிடம், மூசா அல்-தஅமரி கொரியாக்காரரின் அசட்டுப் பாஸைப் பிடுங்கி உருட்டிவிட, யசான் அல்-நயிமத் கோல்கீப்பர் தலைக்கு மேலே மெல்லத் தூக்கிப் போட்டார். 66-ல் தஅமரியே நடு மைதானத்திலிருந்து பந்தை இழுத்துக்கொண்டு ஓடினார், ஓடினார், யாராவது தடுப்பார்கள் என்று நாங்கள் எல்லோரும் எழுந்து நிற்க, பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்தே இடது காலால் மூலைக்கு வைத்தார். 2-0. பக்கத்து ஆள் என்னைத் தூக்கிவிட்டார், நிஜமாகவே தரையிலிருந்து. "நஷாமா, நஷாமா" என்று அவர்கள் அணியின் செல்லப் பெயரைக் கத்தியதில் போன என் குரல் இன்னும் திரும்பவில்லை. பிரான்ஸில் மொன்பெலியேவுக்கு அப்போது ஆடிக்கொண்டிருந்த தஅமரியைத் தவிர இந்த அணியில் ஒருவர் பெயரும் அன்று காலை வரை எனக்குத் தெரியாது. ஜோர்டான் ஆசியக் கோப்பை இறுதிக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

மறுநாள் அல் துமாமாவில் இரண்டாவது அரையிறுதி, ஈரானும் கத்தாரும். அரபுகள் தலையில் வைக்கிற பின்னல் தொப்பி வடிவ ஸ்டேடியம், பார்க்க அழகு. போய்வருவதுதான் பாடு. ஃப்ரீ ஸோன் ஸ்டேஷன் வரை மெட்ரோ, அங்கிருந்து பஸ். போகும்போது சுகம். ஆட்டமும் பிரமாதம், இந்தத் தொடரில் நான் பார்த்ததில் இதுதான் முதல் இடம். நாலாவது நிமிடமே ஈரானின் அஸ்மூன் தலைகீழாகப் பாய்ந்து பைசிக்கிள் கிக்கில் கோல். கத்தாரின் ஜாசிம் காபிர் சமன் செய்தார். அப்புறம் 43-ல் அதே அணியின் அக்ரம் அஃபீஃப் வளைத்து அடித்த கோல். அதை விவரிக்க எனக்குத் தெரியவில்லை, பந்து போன வழி மட்டும் கண்ணில் நிற்கிறது. இடைவேளை முடிந்ததும் ஈரானின் ஜஹான்பக்ஷ் பெனால்டியில் 2-2, 82-ல் கத்தாரின் அல்மோயஸ் அலி 3-2. கடைசியில் ஈரான் பத்துப் பேரோடு நின்றுகொண்டு முட்டியது, ஜஹான்பக்ஷ் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 1976-க்கு அப்புறம் கோப்பையே தூக்காத ஈரான், ஜப்பானை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்த ஈரான், என் முன் வரிசையில் ஒரு பெரியவர் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தவர் எழவே இல்லை.

இப்போது அந்த டிரைவர். வெளியே வந்தால் பஸ்ஸுக்கு நிற்கிற வரிசை அனுமார் வால் மாதிரி. நான் என்ன புத்திசாலித்தனம் பண்ணினேன் என்றால், எதிர்ப்பக்கம் ஒரு பர்லாங் நடந்து ரோட்டுக்கு வந்து, "டாக்ஸி பாய்?" என்று கூப்பிட்ட ஒரு சொந்த வண்டியில் ஏறினேன். மீட்டர் இல்லை. "கவலை வேண்டாம் பாய், சரியாகத்தான் கேட்பேன்" என்று இந்தியில் தேனொழுகப் பேசினார், ஊர் எது, கல்யாணம் ஆயிற்றா என்றெல்லாம் விசாரித்தார். நஜ்மா அங்கிருந்து பத்துக் கிலோமீட்டர்கூட இருக்காது. இறங்கும்போது 80 ரியால் என்றார். எண்பது! ஊர்க் கணக்கில் 1,800 ரூபாய்க்கு மேல். இந்தத் தொடரின் டிக்கெட்டே 25 ரியாலில் தொடங்கியது, மூன்று லீக் ஆட்டம் பார்த்திருக்கலாம். கத்தினேன், கெஞ்சினேன், 60-க்கு இறங்கி வந்தார், அதுவும் "மேட்ச் நாள் பாய்" என்று எனக்குத் தர்மம் செய்கிற முகத்தோடு. அந்த நாளின் சாப்பாட்டுக் காசு அங்கே போயிற்று, ராத்திரி இரண்டு ரியால் கரக் டீயும் ஒரு பரோட்டாவும்தான். சித்தப்பா மகன், பதினோரு வருஷமாக அங்கே சைட் வேலையில் இருக்கிற அண்ணன், போனில் சிரித்தார்: "மீட்டர் இல்லாத வண்டியில ஏறாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா தம்பி?" சொன்னார்தான்.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. அழுத முகத்தோடு இருக்காதே என்று ஒரு கத்தாரி சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார். மீன் மச்பூஸ். தட்டு வந்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். ஹமூர் என்கிறார்கள், நம்ம ஊர்க் களவாதான், ஒரு முழுத் துண்டு, மேல்தோல் மொறுமொறு, உள்ளே வெண்ணெய். கீழே மஞ்சள் சோற்றில் காய்ந்த எலுமிச்சையின் அந்தக் கசப்பும் புளிப்பும் கலந்த மணம். பிரியாணி மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள், காரம் கிடையாது, மசாலா அடக்கமாக உட்கார்ந்திருக்கும், மீன்தான் பேசும். தக்காளிச் சட்னி மாதிரி ஒன்று தருகிறார்கள், அதைக் கேட்டு இன்னொரு கிண்ணம் வாங்குங்கள். பில்லை அண்ணன் கொடுத்துவிட்டார், நானும் ரொம்ப மறுக்கவில்லை. உலகக் கோப்பை நடந்தபோதுகூட ஒரு ஆட்டமும் ஸ்டேடியத்துக்குள் போய்ப் பார்த்ததில்லை என்றார் அப்போது. இறுதிக்கு என்னிடம் இருந்தது ஒரே டிக்கெட். அவருக்கு சனிக்கிழமை வேலை.

சனிக்கிழமை லுசைல் ஸ்டேடியத்தில் இறுதி ஆட்டம். மெஸ்ஸி உலகக் கோப்பையைத் தூக்கிய அதே இடம். 86,492 பேர் என்று அறிவித்தார்கள். நான் துண்டைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தது, பார்த்தால் முழுக்கக் கத்தாரின் மெரூன் சட்டைக்காரர்கள் நடுவே.

ஆட்டத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: கத்தார் 3, ஜோர்டான் 1, மூன்றும் பெனால்டி, மூன்றையும் அடித்தது அஃபீஃப். 22, 73, 95-வது நிமிடம். ஆசியக் கோப்பை இறுதியில் யாரும் இதற்குமுன் ஹாட்ரிக் அடித்ததில்லை. வீடியோவில் திரும்பப் பார்த்தேன், மூன்றுமே பெனால்டிதான், நடுவர்மேல் பழி போட மாட்டேன். ஆனாலும் கொரியாவை அப்படிக் கிழித்த அணி இப்படித் தடுக்கி விழுந்து தோற்றது மனசுக்கு ஒப்பவில்லை. 67-ல் நயிமத் பந்தைக் காலில் வாங்கி உள்ளே அடித்தபோது 1-1, அடுத்த ஐந்து நிமிடம் ஜோர்டான்தான் ஜெயிக்கப் போகிறது என்று நினைத்தேன், என் பக்கத்துக் கத்தார் பையனே நகம் கடித்தான். அதற்குள் வீடியோ நடுவர் கூப்பிட்டுவிட்டார்.

முதல் கோல் போட்டதும் அஃபீஃப் ஒரு சீட்டை எடுத்துக் காட்டி, கையை ஒரு சுழற்றுச் சுழற்றி வேறு சீட்டாக மாற்றினார். மாயவித்தைதான், மைதானத்தின் நடுவில். மனைவிக்காகவாம். எட்டுக் கோல், அதிக கோல் அடித்தவர் விருது, சிறந்த வீரர் விருது, எல்லாம் அவருக்கே. அதில் சண்டையே இல்லை. சிறந்த கோல்கீப்பர் விருது மெஷால் பர்ஷமுக்கு. கால் இறுதியில் உஸ்பெகிஸ்தானின் மூன்று பெனால்டிகளைத் தடுத்தவர், டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கத்தைப் பங்கு போட்டுக்கொண்ட முதாஸின் தம்பி. என்ன வீடோ! ஆனால் என் கையில் ஒரு விருது இருந்தால் தஅமரிக்குத்தான்.

2022 உலகக் கோப்பையில் சொந்த மண்ணில் மூன்று ஆட்டமும் தோற்ற கத்தார், தொடருக்கு ஒரு மாதம் முன்பு கோச்சை மாற்றிய கத்தார், 2019-க்குப் பின் தொடர்ந்து இரண்டாவது தடவை கோப்பையைத் தூக்குகிறது. கூட்டத்தோடு மெட்ரோவுக்கு நகர ஒன்றரை மணி நேரம். இந்தத் தடவை வரிசையில் ஒழுங்காக நின்றேன்.

மொத்தச் செலவு கணக்கு அடுத்த பதிவில். துண்டு இப்போது அம்மாவின் கிரைண்டர் மேல் கிடக்கிறது. கேட்டதற்கு, "நல்ல கெட்டித் துணிடா, இன்னும் ரெண்டு வாங்கிட்டு வந்திருக்கலாம்ல" என்கிறாள்.