டாவோஸின் டிசம்பரும் நுவரெலியாவின் தையும்

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்குக்குப் பெயர்போன டாவோஸ் நகரமோ 1,560 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. எங்கள் பீதுருதாலகால மலையின் உச்சி 2,524 மீற்றர். டாவோஸுக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் என்னுமிடத்தில் 1936 முதல் வெண்பனியை அளந்துவரும் ஆய்வுக்களத்தின் உயரமும் கிட்டத்தட்ட அதே அளவுதான், சுமார் 2,540 மீற்றர். தரம் 10 பிள்ளைகளுக்கு அகலக்கோடு பற்றிக் கற்பிக்கும்போது நான் இந்த நான்கு எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவேன். நுவரெலியா ஏழாம் பாகையில் இருக்கிறது, டாவோஸ் நாற்பத்தேழாம் பாகைக்கு அருகில் இருக்கிறது. அங்கே ஆண்டில் பாதிக்கும் மேலான காலம் உயர்ந்த சரிவுகள் வெண்பனிக்குள் மூடிக்கிடக்க, இங்கே தை, மாசி மாதங்களின் சில அதிகாலைகளில் மட்டும் புல்நுனிகளில் உறைபனி படிந்து, வெயில் ஏறியதும் கரைந்துவிடுகிறது.

இந்த ஒப்பீடு எனக்குப் பாடப்புத்தகத்திலிருந்து வந்ததன்று. என் தம்பி டாவோஸுக்கு அண்மையிலுள்ள ஒரு மலைக்கிராமத்தில் ஹோட்டல் சமையலறையில் பருவகால வேலை செய்கிறான். குளிர்கால ஒப்பந்தம் டிசம்பரில் தொடங்கிச் சித்திரையில் முடியும். ஆகவே நவம்பர் பிறந்ததும் எங்கள் தொலைபேசி உரையாடல்களில் முதல் கேள்வி வானிலையாகத்தான் இருக்கும். கடந்த சில ஆண்டுகளாக அவன் பதிலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "அண்ணே, நவம்பர் முடியப்போகுது, கீழ்ச்சரிவெல்லாம் இன்னும் புல்லாத்தான் கெடக்கு. ராத்திரியில குளிர் விழுந்தா செயற்கைப் பனி கக்குற பீரங்கிய ஓட்டுவாங்க. இல்லன்னா தெறக்குறத ஒரு வாரம் தள்ளிப்போடுவாங்க." தள்ளிப்போடும் அந்த ஒரு வாரத்துக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்பது ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்தது.

ஒரு டிசம்பரில் நான் அவனிடம் போயிருந்தேன். மலை முழுவதும் வெள்ளையாக இருக்கும் என்று எதிர்பார்த்துச் சென்றவனுக்கு, பழுப்பு நிறப் புல்வெளியின் நடுவே, சறுக்குபவர்களை மேலே ஏற்றும் லிஃப்டின் அடியிலிருந்து உச்சிவரை ஒரு வெள்ளைப் பட்டை மட்டுமே கிடந்தது. அந்தப் பட்டையில்தான் நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடித்துச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். கையில் அள்ளிப் பார்த்தேன். வானத்திலிருந்து விழும் வெண்பனி ஆறு கிளைகள் விரிந்த மெல்லிய படிகம். புதிதாக விழுந்தது ஒரு கனமீற்றருக்கு நூறு கிலோ அளவில்தான் இருக்கும். பீரங்கி உமிழும் பனியோ சின்னஞ்சிறு உருண்டை ஐஸ் மணிகளாலானது, ஒரு கனமீற்றர் நானூறு, ஐந்நூறு கிலோ எடையிருக்கும். அடித்தளமாகப் போடுவதற்கு அது உறுதியானது, எளிதில் கரையாதது. ஆனால் அதன்மேல் விழுந்தால் வலிக்கும் என்பதை, வாடகைச் சறுக்குக்கட்டைகளோடு தொடக்கநிலைச் சரிவில் இறங்கியபோது நன்றாக உணர்ந்தேன்.

அந்தப் பீரங்கிகள் வேலை செய்யும் விதத்தை எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு விளக்குவது கடினமன்று. நீரை நுண்துளிகளாகக் காற்றில் விசிறுகிறார்கள். துளி நிலத்தில் விழுவதற்குள் உறைய வேண்டும். அதற்குக் காற்று குளிர்ந்திருந்தால் மட்டும் போதாது, வறண்டும் இருக்க வேண்டும், ஏனெனில் துளியின் ஒரு பகுதி ஆவியாகும்போதுதான் மீதி வேகமாகக் குளிர்கிறது. குளிரையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறக்குறைய மறை 2 (-2) பாகை செல்சியஸுக்குக் கீழே போனால்தான் பீரங்கியை ஓட்டுவது பயனளிக்கும். ஒரு ஹெக்டேயர் சரிவில் 30 சென்ரிமீற்றர் அடித்தளம் போட ஆயிரம் கனமீற்றருக்கும் மேலான நீர் வேண்டும். நவம்பரில் ஈரமான மேகமூட்டத்தோடு இளஞ்சூடான இரவுகள் தொடர்ந்தால் பணம் இருந்தும் நீர் இருந்தும் பயனில்லை. வானம் தெளிந்து காற்று வறண்டு வரும் சில இரவுகளுக்காக அந்த ஊர் முழுவதும் காத்திருக்கிறது.

இதே தெளிந்த, வறண்ட, காற்றில்லாத இரவுதான் நுவரெலியாவைச் சுற்றியுள்ள கந்தப்பளையிலும் அம்பேவெலவிலும் பட்டிப்பொலவிலும் உறைபனியைக் கொண்டுவருகிறது. மேகப் போர்வை இல்லாதபோது நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது. நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவு வழியே இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. அதனால்தான் மேட்டு லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) ஒன்றும் இல்லாதிருக்க, ஓடைக்கரை மரக்கறித் தோட்டம் வெளுத்துக் கிடக்கும். வளிமண்டலவியல் திணைக்களம் "அதிகாலையில் துகள் உறைபனி" என்று முன்னறிவிக்கும் நாட்களில், உருளைக்கிழங்கும் லீக்சும் போட்டவர்கள் விடியுமுன் எழுந்து ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிடுகிறார்கள். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் இலையைச் சுழியப் பாகைக்குக் கீழே போகவிடாமல் காக்கிறது. இடையில் நிறுத்தினால் ஆவியாதல் இலையை இன்னும் குளிர்விக்கும் என்பதால், சூரியன் வரும்வரை விடாமல் ஓட்ட வேண்டும். ஒரே நீரையும் ஒரே குளிரையும் கொண்டு அங்கே பனியை அழைக்கிறார்கள், இங்கே பனியை விரட்டுகிறார்கள்.

சுவிட்சர்லாந்தின் நிலை தம்பியின் முறைப்பாடு மட்டுமன்று. அளவீடுகளும் அதையே சொல்கின்றன. 1,140 மீற்றர் முதல் 2,540 மீற்றர் வரையான பதினொரு சுவிஸ் நிலையங்களின் 1970 முதல் 2015 வரையான பதிவுகளை ஆராய்ந்தபோது, வெண்பனிப் பருவம் சராசரியாகப் பன்னிரண்டு நாட்கள் பிந்தித் தொடங்கி, இருபத்தாறு நாட்கள் முந்தி முடிவது தெரிந்தது. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழக ஆய்வாளர்களின் வழி இன்னும் வியப்பானது. அல்ப்ஸ் மலையில் நிலத்தோடு படர்ந்து வளரும் ஜூனிபர் புதர், வெண்பனி உருகி வெளியே தலைநீட்டிய பின்புதான் அந்த ஆண்டின் வளர்ச்சியைத் தொடங்கும்; பனி நீடித்த ஆண்டில் அதன் தண்டு வளையம் ஒடுங்கியும், பனி விரைவில் கரைந்த ஆண்டில் அகன்றும் இருக்கும். அந்த வளையங்களைப் படித்து அவர்கள் 2023 இல் வெளியிட்ட முடிவின்படி, இன்றைய வெண்பனிக் காலம் கடந்த அறுநூறு ஆண்டுச் சராசரியைவிட முப்பத்தாறு நாட்கள் குறுகியது. தேயிலைப் புதர்களின் நடுவே வாழ்பவன் என்பதாலோ என்னவோ, இந்த ஆய்வை வாசித்த நாளிலிருந்து நான் அதை எந்த வகுப்பிலும் சொல்லாமல் விட்டதில்லை.

ஆயினும் சராசரி குறைவதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது நம்பகம் குலைவதுதான். சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் தொடங்கி எல்லையைக் கடந்து இத்தாலியின் செர்வினியாவில் முடியும்படி, மேட்டர்ஹோர்ன் மலையடியில் ஓர் உலகக் கிண்ணப் பனிச்சறுக்குப் போட்டியை நடத்தத் திட்டமிட்டார்கள். 2022 இல் பனி போதாமல் அது இரத்தானது. அடுத்த ஆண்டு, 2023 நவம்பரில், கடும் பனிப்பொழிவும் பலத்த காற்றும் சேர்ந்து மீண்டும் இரத்தானது. ஒரே மலை, ஏறக்குறைய ஒரே காலம், நேரெதிரான காரணங்கள். இதற்கு விளக்கம் உண்டு. காற்று ஒரு பாகை சூடாகும்போது ஏறத்தாழ ஏழு வீதம் கூடுதலான நீராவியைத் தாங்குகிறது. ஆகவே வெப்பநிலை இன்னும் சுழியத்துக்குக் கீழே இருக்கும் உயரங்களில் ஒரே மூச்சில் பெரும்பனி கொட்டவும், சற்றுக் கீழே அதே மேகம் மழையாகப் பெய்து இருந்த பனியையும் கரைத்துப்போகவும் கூடும். 2023 புத்தாண்டு நாளில் சுவிட்சர்லாந்தின் டெலமோன் நகரில் வெப்பநிலை 20 பாகையைத் தாண்டியது. அந்த வாரம் அடெல்போடனில் உலகக் கிண்ணப் போட்டி, பச்சைப் புல்வெளிக்கு நடுவே கிடந்த செயற்கைப் பனிப் பட்டையில்தான் நடந்தது.

பருவத்தின் தொடக்கத்தில் பனி மெல்லியதாகக் கிடப்பது, பெரும் பனித்திணிவு பெயர்ந்து மலையிலிருந்து சரிந்து விழும் பனிச்சரிவு என்னும் வேறொரு ஆபத்துக்கும் அடித்தளமிடுகிறது. இதை மலையில் சறுக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒக்டோபரில் விழுந்த சிறிதளவு பனி, வெயில் படாத வடக்குச் சரிவுகளில் கரையாமல் தங்கிவிடும். அதன் அடியில் நிலம் சுழியப் பாகைக்கு அருகில் இருக்க, மேற்பரப்பு தெளிந்த இரவுகளில் கடுமையாகக் குளிரும். அந்த வேறுபாட்டால் நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து, பனித்துகள்களைப் பெரிய, ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்களாக மாற்றுகிறது. கையில் எடுத்தால் சீனி போல உதிரும். டிசம்பரில் அதன்மேல் கனத்த பனி விழும்போது, மேலே திடமாகத் தெரியும் சரிவு உள்ளே ஒட்டாத மணிகளின்மீது நிற்கிறது. சறுக்குபவர் ஒருவரின் பாரமே அதை உடைத்துப் பனிச்சரிவை உண்டாக்கப் போதும். எங்கள் புல்நுனியில் படியும் அதே உறைபனி அங்கே வெண்பனியின் மேற்பரப்பிலும் படிகிறது. பார்க்க மிக அழகானது. ஆனால் புதுப்பனி அதைக் கலைக்காமல் மூடிவிட்டால், அதுவும் அப்படியொரு பலவீனமான அடுக்காகிவிடும். ஆழமான பனியில் இந்த வெப்ப வேறுபாடு பரந்து தணிந்துவிடும். மெல்லிய பனியில்தான் கூர்மையாக இருக்கும்.

இனி எங்கள் பக்கம். குளிர் உரிய காலத்தில் வருவதையே நம்பியிருக்கும் தொழில் மலைநாட்டிலும் இருக்கிறது. திம்புள்ளைப் பகுதித் தேயிலையும் நுவரெலியாத் தேயிலையும் தம் சிறந்த மணத்தைப் பெறுவது மழை ஓய்ந்து, பகலில் வெயிலும் இரவில் வறண்ட குளிருமாக இருக்கும் தை முதல் பங்குனி வரையான வாரங்களில்தான். கொழுந்து மெதுவாக வளரும், நிறை குறையும், ஏலத்தில் விலை கூடும். அந்தக் குளிர் எல்லை மீறும் இரவில் பள்ளத்து மலைகளின் (தேயிலை நிலப்பகுதிகளை மலை என்போம்) கொழுந்து கருகும். காலையில் வெள்ளையாக இருந்த பாத்தி மறுநாள் செம்பழுப்பாகி, அடுத்த துளிர் வரும்வரை அந்த மலையில் பறிக்க ஒன்றும் இருக்காது. மாறாக மழை மேகம் தையிலும் விலகாமல் நின்றால் உறைபனி இல்லை, ஆனால் மணமும் இல்லை. 1946 இல் இந்நாட்டுக்கு வந்த, இலையில் கொப்புளம் போடும் பங்கசு நோய்க்கு அந்த ஈரமே விருந்து. வேண்டிய குளிர், வேண்டிய மாதத்தில், வேண்டிய அளவில் வர வேண்டும் என்ற நிபந்தனையில் டாவோஸின் லிஃப்ட் நிறுவனமும் தலவாக்கலையின் தோட்டமும் ஒன்றுபோலவே கட்டுண்டிருக்கின்றன.

வேறுபாடு, இழப்பைத் தாங்கும் வலுவில் இருக்கிறது. ஐரோப்பாவின் 2,234 பனிச்சறுக்குத் தலங்களை ஆராய்ந்து 2023 இல் வெளிவந்த ஆய்வு, உலகம் 2 பாகை சூடானால் அவற்றில் 53 வீதமானவை மிகக் கடுமையான பனிப்பற்றாக்குறை ஆபத்தைச் சந்திக்கும் என்றும், சரிவுகளில் பாதிக்குச் செயற்கைப் பனி போட்டால் அது 27 வீதமாகக் குறையும் என்றும் கணித்தது. பணமுள்ள தலம் அந்த இடைவெளியை விலைக்கு வாங்கிக்கொள்ளும். சமையலறையில் பாத்திரம் கழுவும் பருவகாலத் தொழிலாளிக்கு அப்படி வாங்க எதுவும் இல்லை. கொழுந்து கருகிய மலையில் பறிக்க வேண்டிய நிறை எட்டாமல் அரைப்பேரோடு (அரைநாள் சம்பளத்தோடு) வீடு திரும்பும் அக்காவுக்கும் இல்லை. காலநிலை மாற்றம் பற்றிய பேச்சில் இவ்விருவரும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட வேண்டியவர்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வைஸ்ஃப்ளூயோக்கின் பதிவேட்டைப் பார்த்தபின் எனக்கொரு ஆசை பிறந்தது. எங்கள் தோட்டங்களில் மழைமானி உண்டு, தலைமுறைகளாக எழுதிய மழைக் கணக்கும் உண்டு. ஆனால் இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையைக் காட்டும்படி புல்மட்டத்தில் வைக்கும் இழிவு வெப்பமானியை நான் போய்வந்த எந்தத் தோட்டத்திலும் கண்டதில்லை. மனித உயரத்தில் பெட்டிக்குள் வைத்த வெப்பமானி 3, 4 பாகை காட்டும் காலையிலும் புல் உறைந்திருக்கக்கூடும் என்பதால், செய்தியில் வரும் எண் கொழுந்தின் நிலையைச் சொல்லாது. இந்த மார்கழியிலிருந்து எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் இரண்டு வெப்பமானிகளை வைக்கப்போகிறார்கள், ஒன்று ஓடைப் பள்ளத்தில், மற்றது கோயில் மேட்டில். குட்டையாக வெட்டிய புல்லின் நுனியைத் தொடும்படி, மரநிழலும் சுவரும் இல்லாத திறந்த வெளியில், கிடையாக வைக்க வேண்டும். பொழுது சாயும்போது வைத்து, விடியற்காலையில் வாசித்து, வெயில் ஏறுமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். வானம் தெளிந்திருந்ததா, காற்று இருந்ததா, கொழுந்து கருகியதா என்ற மூன்று குறிப்புகளும் எண்ணோடு சேர வேண்டும். அக்கரப்பத்தனை, இராகலை, நானுஓயாப் பக்கத்து ஆசிரியர்கள் யாரேனும் இதில் சேர விரும்பினால் எனக்கு எழுதுங்கள். பதிவுப் படிவத்தை அனுப்பிவைக்கிறேன்.